மூன்றாம் சிலிண்டரில் ஒரு தட்டல்

பெப்ரவரி 3, 1982. புதன்.

விடியத் தூறல், பிறகு வெயில். நெல் வெட்டுக் காலத்தில் இந்தத் தூறல் ஒருவருக்கும் பிடிக்காது. இரண்டு ஜாக்கெட் வெட்டி வைத்தேன், தைக்கவில்லை. மீன்: கீரி. சொதி வைத்தேன்.

கார் வீட்டுக்கு வந்து ஒரு கிழமை. பச்சை. பழசுதான், ஆனால் ஆசனம் கிழியவில்லை. மட்டக்களப்பில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் வாங்கியது. என் வீட்டுக்காரர், மச்சான், தினமும் விடிய சுபஹ் தொழுதுவிட்டு வந்து சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு அதைத் துடைக்கிறார். நெல்லு மில்லில் லொறி ஓட்டிய வேலையை விட்டுவிட்டார். இனிச் சொந்தக் கார், வாடகை ஓட்டம்.

இன்று காலை அவர் ஸ்டார்ட் செய்தபோது நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். எஞ்சின் உறுமலுக்கு அடியில் இன்னொரு சத்தம். டொக், டொக், டொக். ஒரு பெட்டிக்குள் அகப்பட்ட ஆள் உள்ளிருந்து தட்டுவதுபோல. திருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஓம், இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மெலிந்தது.

வெளியே போய் அவர் முன்னால் நின்று சொன்னேன்.

"மச்சான், எஞ்சினுக்குள்ள என்னமோ தட்டுது."

பொனட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்டும் இல்ல புள்ள. நல்ல எஞ்சின்."

"இன்னா, இப்பயும் தட்டுது."

"பழைய எஞ்சின் கொஞ்சம் சத்தம் போடும்தானே."

ஒன்றும் இல்லை என்றவர், அடுத்த வாயில் சத்தம் போடும் என்கிறார். எது உண்மை?

பெப். 4, வியாழன்.

நல்ல வெயில். அக்கரைப்பற்றுக்குப் போனோம், ராத்தாவின் மாமியாரைப் பார்க்க. ராத்தா என் கூடப்பிறந்தவள், மூத்தவள், வீடு அடுத்த வளவு. நாங்கள் இருவரும் பின் ஆசனத்தில். வழி முழுக்க என் காது எஞ்சினில்தான். வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் எழுதுகிறேன்:

ஸ்டார்ட் செய்ததும் — வரும், பிறகு அடங்கும்.
சும்மா நின்று ஓடும்போது — மெலிதாக.
பாலம் ஏறும்போது — பலமாக. ஆசனத்திலேயே தெரிகிறது.
பாலத்து உச்சியில் மச்சான் காலைத் தளர்த்தியதும் — சடசட என்று உதறல்.
வேகமாக ஓடினால் — காற்று இரைச்சல், பிடிபடவில்லை.
திரும்பி வரும்போது (எஞ்சின் நல்ல சூடு) — எல்லாமே போகும்போது இருந்ததைவிட மோசம்.

நிந்தவூர் தாண்டியதும் ஒரு கசப்பு. பின்னால் பஸ் கோன் அடித்தது. அடித்துக்கொண்டே வந்தது. மச்சான் ஒதுங்கவே இல்லை. கடைசியில் பஸ் வெட்டி முந்தியபோது கொண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு கத்தினான்: "என்ன, காது செவிடா? றோட்டு வாப்பாட முதுசமா?" மச்சான் முகத்தில் ஒன்றுமில்லை. நேரே பார்த்து ஓட்டினார்.

ராத்தாவுக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. பின்னாலிருந்து, "தம்பி, இது என்ன தட்டுற சத்தம்?" என்றாள். பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டாள். இல்லை. இறங்கும்போது என் காதோடு, "காரு வாங்கினதும் ஒன்ட மாப்பிள்ளைக்குப் பெரும ஏறிட்டுகா," என்றாள்.

சுட்டது. ஏனென்றால் காருக்குள் நான் கேட்டதற்கும் அவர் பதில் சொல்லவில்லை. வீட்டில் சொல்வார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொல்வார். காரில் ஏறினால் மட்டும் வேறு மனிதர்.

பெப். 6, சனி.

காற்று. நூல் வாங்க வேண்டும் என்று சாட்டுச் சொல்லி நானும் காரில் ஏறிக்கொண்டேன். பாண்டிருப்பில் தங்கராசா அண்ணனின் கராஜ். கராஜ் என்றால் ஒரு தகரக் கொட்டில், புளியமரம், நிலத்தில் வெட்டிச் சீமெந்து பூசிய கிடங்கு. மில் லொறிக் காலத்திலிருந்தே மச்சானுக்குப் பழக்கமான மெக்கானிக். ஒல்லியான மனிதர். ஓயாத கதை.

பொனட்டைத் திறந்து, தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, காக்கா என்று அண்ணன் முறை வைத்தே கூப்பிடுகிற மச்சானிடம்:

"எப்ப கூடக் கேக்குது காக்கா? சூடாக முன்னயா, சூடானாப் பிறகா?"

மச்சான் எஞ்சினைப் பார்த்தபடி, "ஓம். போன கிழமதான் மாத்தின," என்றார்.

"என்னத்த மாத்தின?"

"ஓம் ஓம்."

தங்கராசா அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கம். ஒயில் மாற்றியதைத்தான் மச்சான் சொல்கிறார் என்று விளங்கியது. ஆனால் அவர் கேட்டது அதை இல்லையே. ஆசனத்தில் இருந்தபடியே நான் சொன்னேன், பாலம் ஏறுவது, காலைத் தளர்த்துவது, சூட்டில் கூடுவது, எல்லாம்.

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "காலத் தளத்தக்குள்ள சடசடக்குமா தங்கச்சி?"

"ஓம் அண்ணன். விட்டு விட்டு."

"ம்ம்." மீசையைத் தடவினார். "நாலஞ்சு பேர்ல சந்தேகம். மேல வால்வ தட்டுற டெப்பட் எண்டா டிக் டிக் எண்டு சின்னதாக் கேக்கும். பெற்றோல் முந்தி வெடிச்சா ஏத்தத்தில கிணுகிணுக்கும். தண்ணிப் பம்ப் எண்டா அரைக்கும். எல்லாத்துக்கும் கீழ ஒருத்தன் இருக்கான், அவன் எண்டா சோலி. லேசானதில இருந்து பாப்பம்."

மெல்லிய தகட்டை இடையில் விட்டு விட்டு டெப்பட் எல்லாம் இறுக்கினார். மறுபடி ஸ்டார்ட். அதுவரை நான் கவனிக்காத ஒரு சின்ன டிக் டிக் நின்றுபோயிருந்தது. அது நின்ற பிறகுதான் அது இருந்ததே தெரிந்தது! டொக் மட்டும் அப்படியே. முன்னைவிடத் தெளிவு.

"கொசு போயிட்டு," என்றார் அண்ணன். "மற்ற ஆள் நிக்கான். புதன்கிழமை கொண்டாங்க. அதுவரைக்கும் தூர ஓடாதீங்க."

வரும் வழியில் மச்சான் சிரித்த முகம். "பாத்தியா, சரியாப் போயிட்டு. இப்ப சத்தமே இல்ல."

டொக். டொக். டொக். என் காலுக்குக் கீழே.

நூல் வாங்க மறந்துவிட்டேன்.

பெப். 7, ஞாயிறு.

மகள் நஸீராவுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வெயில். இரண்டு ஜாக்கெட்டும் முடித்தேன்.

தைத்துக்கொண்டிருக்கும்போது தையல் மெசினிலும் ஒரு தட்டல். கால்மிதியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி, அதன் மேல்பிடி தளர்ந்திருந்தது. மிதி மேலே போகும்போது ஒரு தட்டு, கீழே வரும்போது ஒரு தட்டு. மெதுவாக மிதித்தேன், வேகமாக மிதித்தேன், சட்டென்று காலை எடுத்தேன். காலை எடுத்ததும் சடசட! பாலத்து உச்சியில் வருகிற அதே உதறல். பிடியை இறுக்கினேன், நின்றது. எஞ்சினுக்குள்ளும் இப்படி ஒரு கம்பி இருக்குமா? அண்ணனிடம் கேட்க வேண்டும்.

இதற்கிடையில் கை பட்டுத் தண்ணீர்ப் பானையின் பித்தளை மூடி சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டது. கோழிகள் பறந்தன. வேலிக்கு அப்பால் ராத்தா, "என்னகா உடைஞ்ச?" என்று கூப்பிட்டாள். மச்சான் எனக்கு முதுகு காட்டி, நாலடி தூரத்தில் உட்கார்ந்து செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தார். தலை திரும்பவில்லை. தோள்கூட அசையவில்லை.

அப்போது நஸீரா வந்தாள். வாப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பினார். அதன் பிறகு கதைத்தாள்.

எப்போதும் அப்படித்தான் செய்கிறாள். சின்ன வயதிலிருந்தே. முதலில் சட்டை, பிறகு பேச்சு. என்னிடம் கதைக்கும்போது ஒருநாளும் சட்டையை இழுத்ததில்லை.

பெப். 8, திங்கள்.

செய்து பார்த்தேன். செய்தது சரியா என்று தெரியாது.

காலையில் அவர் காரைத் துடைக்கும்போது பின்னால் நின்று மெதுவாக, "மச்சான்." இல்லை. வழமையான குரலில். இல்லை. கொஞ்சம் பலமாக. திரும்பினார், ஆனால் தவறான பக்கம்.

பிறகு தேநீர் நேரம். நேரே முன்னால் போய் நின்றேன். சத்தமே எடுக்காமல் வாயை மட்டும் அசைத்தேன்: தேத்தண்ணி வேணுமா?

"ஓம், சீனி கொஞ்சமாப் போடு," என்றார்.

குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் நின்றேன். சீனிப் போத்தலைத் திறந்து, கொஞ்சமாகப் போட்டேன்.

கலியாணமான புதிதில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்பார். என்ன அன்பு என்று நினைத்தேன். பிறகு வருடம் போகப் போக, நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னதற்கெல்லாம் பதில் இல்லாமல் போனது. அலுத்துவிட்டது மனிதருக்கு என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. உதட்டைத்தான் பார்த்திருக்கிறார். காரில் உட்கார்ந்தால் றோட்டைப் பார்க்க வேண்டும், என் உதடு தெரியாது. அவ்வளவுதான்.

அந்தச் சத்தம் இல்லை என்று அவர் சொன்னது பொய் இல்லை. அவருக்கு அது இல்லை.

எதுவும் கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும். அல்லது எனக்குப் பயம்.

பெப். 10, புதன். பகல்.

கராஜில் நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். இன்று சாட்டு எதுவும் சொல்லவில்லை, நானும் வாறன் என்று ஏறினேன். மச்சானும் ஏன் என்று கேட்கவில்லை.

தங்கராசா அண்ணன் முதலில் விசிறிப் பட்டியைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். பட்டி இல்லாவிட்டால் தண்ணீர்ப் பம்பும் டைனமோவும் சுற்றாது. டொக் இருந்தது. "அவங்க ரெண்டு பேரும் குற்றவாளி இல்ல," என்றார்.

அடுத்தது பிளக். நாலு சிலிண்டர், நாலு பிளக். ஒவ்வொன்றாக வயரைக் கழற்றினார். ஒன்றைக் கழற்றினால் அந்தச் சிலிண்டரில் வெடிப்பு இல்லை, அதன் பிஸ்டனுக்குப் பாரம் இல்லை. ஒன்று: எஞ்சின் தள்ளாடியது, டொக் போகவில்லை. இரண்டு: அதே. மூன்று: டொக் அமுங்கிப்போனது! நான் ஆசனத்திலிருந்து இறங்கிவிட்டேன். வயரைக் கொழுவினார், டொக். கழற்றினார், இல்லை. கொழுவினார், டொக். நாலாவதைப் பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை. பார்த்தார். அதில் மாற்றம் இல்லை.

"ஆள் மூண்டாம் வீட்டில," என்றார். "இனி மேல்மாடியா, கீழ்மாடியா எண்டு பாக்கோணும்."

அதற்கு ஒரு கமுகஞ் சலாகை, பாக்குமரத்தில் சீவிய கம்பு, வைத்திருக்கிறார். ஒரு முழத்துக்கு மேல் நீளம், எண்ணெய் ஊறிக் கறுத்தது. ஒரு நுனியை எஞ்சினில் வைத்து மறு நுனியைக் காதில் வைத்தார். பக்கத்தில் ஒருவர் டிரக்டர் மட்கார்டைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார், அந்த இரைச்சல். அண்ணன் சலாகையைக் காதிலிருந்து எடுத்துப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மேலே, நடுவில், கீழே, ஒயில் தொட்டிக்குப் பக்கத்தில். அங்கே தலையை ஆட்டினார்.

"கீழ்மாடிதான். வாங்க காக்கா, நீங்களும் கேளுங்க. ஒங்கட காருதானே."

மச்சான் சலாகையைக் காதில் வைத்தார். உடனே தலையாட்டினார். "ஓம் ஓம். கேக்குது."

கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தத் தலையாட்டலை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்.

"காதால சரிவராது, இவன் அடிக்கான்," என்றார் அண்ணன். "பல்லால கடிச்சிப் பாருங்க."

மச்சான் நுனியைச் சாறனில் துடைத்துவிட்டுக் கடித்தார்.

அவர் முகத்தை எப்படி எழுதுவது? முதலில் ஒன்றுமில்லை. பிறகு புருவம் இரண்டும் மேலே போனது. சலாகையை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார், அதற்குள் ஏதோ இருக்கிறது என்பதுபோல. மறுபடி கடித்தார். அவருடைய விரல் தன்பாட்டில் காரின் மட்கார்டில் தட்டத் தொடங்கியது. டொக், டொக், டொக். சரியாக அந்தத் தாளத்தில்.

"தட்டுது," என்றார். "தங்கராசா அண்ணன், இது தட்டுதே!"

அண்ணன் சிரித்தார். "பின்ன? அதத்தானே நாலு நாளாத் தேடுறம்."

மச்சான் விடவில்லை. சலாகையை வால்வு மூடியில் வைத்தார், டைனமோவில் வைத்தார், கார்புரேட்டரில் வைத்தார். "இது வேற மாதிரி. இது அரைக்குது. இது உஸ் எங்குது." ஒவ்வொன்றையும் கடித்துக் கேட்டார். ஆட்டுக்குட்டி புல்லைத் தேடுவதுபோல எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார். அண்ணனின் சிரிப்பு மெல்ல நின்றது. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கும் விளங்கிவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனிதர். மட்கார்டு அடிக்கிறவரை மட்டும், "கொஞ்சம் நிப்பாட்டு," என்றார்.

காரை அங்கேயே விட்டோம். பிஸ்டனிலிருந்து கீழே வரும் தடி, அது சுழல்தண்டைப் பிடிக்கும் இடத்துப் பெயாரிங் தேய்ந்திருக்கிறதாம். என் மெசின் கம்பியைச் சொன்னேன். "அதேதான் தங்கச்சி, இதில மிதி மேல இருக்கு, சக்கரம் கீழ இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்," என்றார். இப்படியே ஓடினால் ஒருநாள் தடி உடைந்து எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வருமாம்.

பஸ்ஸில் வந்தோம். மச்சான் சலாகையைக் கேட்டு வாங்கிவந்தார். மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அதே நாள் பின்னேரம், அஸர் தொழுத பிறகு.

கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

"எப்ப தெரியும் ஒனக்கு?" என்றார்.

"முந்தாநாத்து."

சின்ன வயதில் இரண்டு காதிலும் சீழ் வடிந்ததாம். வாய்க்காலில் குளித்துக் குளித்துக் கூடியதாம். இடது காது கலியாணத்துக்கு முன்னமே போய்விட்டது. வலது கொஞ்சம் கொஞ்சமாக. மில்லை அவராக விடவில்லை. லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது ஆட்கள் நிப்பாட்டச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள், கேட்கவில்லை, நெல் மூட்டை அடுக்கோடு போய் மோதியிருக்கிறார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முதலாளி அன்றைக்கே போகச் சொல்லிவிட்டார்.

"ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"செவிடன் என்டு தெரிஞ்சா என்ட கார்ல ஆரு புள்ள ஏறுவா?"

"நான் ஆரோ? நான் ஏறமாட்டனா? இவ்வளவு காலமும் என்னோட கதைக்க ஒங்களுக்கு விருப்பமில்ல என்டுதானே நினைச்ச நான்!"

கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லிவிட்டேன். பாதியில் ஞாபகம் வந்தது. திரும்பி, அவர் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து மறுபடி சொன்னேன். இரண்டாவது தரம் கோபம் அவ்வளவு இல்லை, அழுகைதான் வந்தது.

பிறகு சலாகையை எடுத்தார். ஒரு நுனியைக் கடித்தார். மறு நுனியை என் தொண்டைக்குழியில் மெதுவாக வைத்தார். கதை என்று கையைக் காட்டினார்.

எத்தனை வருடக் கதை இருக்கிறது. "சோறு ஆறுது, வாங்க," என்றேன்.

கண்ணை மூடியிருந்தார். உதட்டைப் பார்க்கவில்லை. "இன்னொருக்காச் சொல்லு," என்றார், சலாகையைக் கடித்தபடியே.

சொன்னேன். சோறு, மீன், நஸீராவின் கிழிந்த புத்தகப் பை, ராத்தா சொன்னது, வந்ததையெல்லாம் சொன்னேன்.

சலாகையை எடுத்தார். "ஒன்ட குரல் மாறிப்போய் இரிக்கி புள்ள. முன்ன மெல்லிசா இரிந்த."

எனக்கே தெரியாது. பலமாகப் பேசிப் பேசித் தடித்திருக்கும்.

பெப். 12, வெள்ளி.

நல்ல வெயில். ஜும்ஆவுக்கு முன் மச்சான் கராஜுக்குப் போய் வந்தார். ஒயில் தொட்டியை இறக்கியாயிற்று. வாசலில் வைத்தே கையை விரித்துக் காட்டினார். பால் டின்னில் வெட்டிய ஒரு சின்னத் தகரத் துண்டு. ஒரு ஓரத்தில் சிவப்புப் பூச்சு இன்னும் இருக்கிறது. மூன்றாம் பெயாரிங் தேய்ந்ததும், இடைவெளியை நிரப்ப யாரோ அதை முதுகுப்பக்கம் வைத்திருக்கிறார்கள்! அதுவும் இப்போது கிழிந்துவிட்டது.

தண்டு தேயவில்லையாம். அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த அளவுப் பெயாரிங் கல்முனைக் கடைகளில் இல்லை. மட்டக்களப்பில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கொழும்புக்குச் சொல்லி எடுக்க வேண்டும், எப்போது வரும் என்று தெரியாதாம்.

நான் சொன்னேன்: மட்டக்களப்புக்குப் போவதென்றால் ஆசுபத்திரிக்கும் போவோம். முதலில் கடை என்றார். இல்லை, முதலில் காது என்றேன்.

பெப். 15, திங்கள்.

மட்டக்களப்பு. முதல் பஸ். ஆசுபத்திரியில் நல்ல சனம். நஸீராவை ராத்தாவிடம் விட்டுப் போனேன், ஏன் போகிறோம் என்று சொல்லவில்லை.

காது பார்க்கிறவர் இளம் டொக்டர். வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு நுனி இரண்டாகப் பிரிந்த ஓர் இரும்புக் கம்பியை மேசையில் தட்டிக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். மச்சான் தலையை ஆட்டினார், இல்லை. அதே கம்பியின் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தினார். "கேக்குது, கேக்குது!" என்றார் மச்சான். சலாகைக் கதையைச் சொன்னேன். டொக்டர் பேனையை வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார்.

"அதேதான் அம்மா. காதின்ர நரம்பு நல்லா வேலை செய்யுது. முன்னுக்கு இருக்கிற தோல்தான் ரெண்டு பக்கமும் ஓட்டை. சத்தம் உள்ளுக்குப் போற பாதைதான் பழுது."

துளி மருந்து. தண்ணீர் படக்கூடாது. ஈரம் வற்றினால் கண்டிக்கு அனுப்புவாராம், அங்கே தோல் வைத்து ஒட்டிப் பார்ப்பார்களாம், முதலில் வலது காது. "நம்பலாம், ஆனா வாக்குத் தரமாட்டன்," என்றார். கார் ஓட்டலாமா என்று கேட்டேன். காருக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி போடட்டும், கோனை நம்பாமல் கண்ணாடியைப் பார்த்துப் பழகட்டும் என்றார்.

பிறகு கடைகள். ஒன்றிலும் இல்லை. வெயிலில் நடந்து நடந்து என் செருப்பு அறுந்தது. கடைசியில் மச்சான், வாத்தியாரிடம் கேட்போம், பழைய ஆட்களைத் தெரிந்திருக்கும் என்றார்.

வாத்தியார் வாசல் படலையில் நின்றே வியந்தார். "என்ன, இன்னும் மாத்தேல்லையோ? வாங்கின அண்டைக்கே சொன்னனே! நீங்க எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப்போட்டு இருக்க, நான் இந்தப் பக்கம் நிண்டு விளக்கமாச் சொன்னன். மூண்டாவதுக்குத் தகரம் வச்சிருக்கு, தூர ஓட முதல் மாத்துங்க எண்டு. நீங்க ஓம் ஓம் எண்டு தலையாட்டினீங்க."

மச்சான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்படியான நேரத்தில் வழமையாக நான் குறுக்கே விழுந்து ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். செவிடு என்று தெரியாமலே எத்தனை வருடம் அதைச் செய்திருக்கிறேன்! இன்று வாயை மூடிக்கொண்டேன். சங்கடமாக இருந்தது. நின்றேன்.

"சேர் சொல்லியிருப்பீங்க," என்றார் மச்சான். "எனக்குக் காது கேக்காது. கேட்ட மாதிரித் தலையாட்டின. என்ட பிழ."

வாத்தியார் படலையைத் திறந்தார். பிறகு பக்கத்தில் வந்து, மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னார்: "அப்ப மற்றதும் கேட்டிருக்காது. புதுப் பெயாரிங் கொழும்பில இருந்து எடுப்பிச்சனான். பிள்ளையள் கார் ஓட வேண்டாம் எண்டிட்டினம், அதால பூட்டேல்ல. டிக்கியில, ஸ்பெயார் டயருக்குக் கீழ, கடுதாசியில சுத்தி வச்சிருக்கிறன்."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. மச்சான் என்னைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். படலையில் நின்று மூன்று பேரும் சிரித்தோம். உள்ளே கூப்பிட்டு இளநீர் தந்தார்.

பெப். 17, புதன்.

மேகம், மழை இல்லை. டிக்கியில் இருந்தது. கிரீஸ் பூசிய கடதாசிக்குள், பளபளவென்று, பாதி வளையலைப்போல. தங்கராசா அண்ணன் தலையில் கையை வைத்தார். "இதுக்கு மேல உக்காந்துகொண்டா ஊரெல்லாம் தேடின?"

பூட்டி முடிய அஸர் தாண்டிவிட்டது. ஸ்டார்ட் செய்ததும் மச்சான் சலாகையைக் கடித்துக்கொண்டு குனிந்தார். நான் மறுபக்கம் நின்று வெறும் காதால் கேட்டேன். அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் நிமிர்ந்தார். "இல்ல." நானும் சொன்னேன், "இல்ல." அண்ணன், "அப்ப இல்லத்தான்," என்றார்.

மாவடிப்பள்ளிப் பாலம் வரை ஓடிப் பார்த்தோம். ஏறும்போதும் இல்லை, இறங்கும்போதும் இல்லை. இரண்டு பக்கமும் வயல், பாதி வெட்டு முடிந்து. புதிதாகப் பூட்டிய இரண்டு கண்ணாடியையும் மச்சான் மாறி மாறிப் பார்த்து ஓட்டினார். பின்னால் வந்த லொறிக்கு, அது கோன் அடிக்க முன்னமே ஒதுங்கினார்.

புதுப் பெயாரிங் பழகும்வரை வேகம் போகக்கூடாது. வாங்க வேண்டியது: சீனி, நூல் (வெள்ளை, கறுப்பு), காது மருந்துக்குப் பஞ்சு.

பெப். 20, சனி.

முதல் ஓட்டம். காலையிலேயே நல்ல காற்று. தங்கராசா அண்ணன் அனுப்பிய ஆட்கள், பாண்டிருப்பிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மனைவியும். தம்பிலுவிலில் மகள் வீட்டுக்குப் போகவாம். ஒரு சாக்குத் தேங்காய் வேறு.

வாசல் கடப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் பின்னால் ஏறினார்கள். பெரியவர் குனிந்து ஏதோ சொன்னார். எனக்கும் சரியாகக் கேட்கவில்லை. மச்சானின் தலை அசையத் தொடங்கியது, அந்த ஓம் ஓம். பிறகு அசைவு நின்றது. எஞ்சினை நிறுத்தினார். ஆசனத்தில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஐயா, எனக்குக் காது கேக்கிற குறைவு. என்னவும் சொல்லுறதென்டா தோள்ல தட்டுங்க. காரை ஓரத்தில நிப்பாட்டிப்போட்டுத் திரும்பிக் கேப்பன்."

பெரியவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா அவர் காதில் என்னவோ சொன்னார். கதவு திறந்தது. பெரியவர் இறங்கினார். நான் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டேன். தேங்காய்ச் சாக்கை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

காரைச் சுற்றி வந்து முன் கதவைத் திறந்து மச்சானுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்தார். மச்சானின் தோளில் தட்டினார். அவர் திரும்பியதும், ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி, ராத்தா குசினியை விட்டு வெளியே ஓடி வரும்படி கத்தினார்:

"தம்பிலுவில்! கோயிலடி தாண்டி, ரெண்டாம் ஒழுங்கை!"

"அவ்வளவு தேவல்ல ஐயா," என்றார் மச்சான். "கேட்டிட்டு."